வாய் திறக்காமல் படித்த எழுத்து

இன்று காலை உள்ளறையில் உளுந்துப் பானையைத் தேடப்போய் வேறொரு பானையைத் திறந்துவிட்டேன். உள்ளே புளியங்கொட்டை. மேலே நீ போட்டு வைத்த வேப்பிலை, தொட்டால் பொடியாகிறது. ஆனாலும் வாசம் இருக்கிறது. கசப்பும் பழம்புளியும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உளுந்து மறந்து போயிற்று. அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கருகின பிறகுதான் எழுந்தேன். நீ இருந்திருந்தால், "அடுப்ப எரியவிட்டுட்டு அங்கிட்டு என்ன தவம் பண்றீங்க?" என்று கேட்டிருப்பாய். கேட்க ஆளில்லை. பாத்திரத்தை நானே தேய்த்தேன். பாதிக் கரி இன்னும் போகவில்லை.

நீ போய் ஒரு தை கடந்துவிட்டது. நம் மகள் செல்லத்தை உன் அண்ணன் கறம்பக்குடிக்கு அழைத்துப் போய்விட்டார். "பொட்டப் புள்ள, மாப்புள. நாளைக்குப் பெரியவளாயிட்டா நீங்க ஒத்தையில என்ன செய்வீங்க?" என்றார். நியாயமான கேள்விதான். அவள் துணிமணியை நானே மூட்டை கட்டிக் கொடுத்தேன். இப்போது நான் வாய்விட்டுப் பேசுவது பசுமாட்டோடு மட்டும். அது காது கொடுத்துக் கேட்பதாகத் தெரியவில்லை.

நீ வாத்தியார் இல்லை. புதுக்கோட்டையில் உன் அப்பா வீட்டில் இருந்தபோது மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனாய், அவ்வளவுதான். வல்லத்திராக்கோட்டைக்கு வாழ வந்த பிறகு, நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்கள் பள்ளிக்கூட வயசு வராத பிள்ளைகளை நம் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். சும்மா விட்டால் அதுகள் ஒன்றையொன்று கடித்துவைக்கும். அதனால் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாயாம். நான் அப்போது ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலையாக இருந்தேன். நான் கப்பலேறும்போது செல்லம் குப்புற விழக்கூடத் தெரியாத குழந்தை.

உன்னிடம் மணல் பரப்பும் இல்லை, பிரம்பும் இல்லை. வீட்டு வேலையைப் போட்டுவிட்டுப் பாடம் நடத்த நேரமும் இல்லை. அதனால் வேலையையே பாடமாக்கினாய். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நாள், அந்த நாளுக்கு ஒரு காரியம். ஆனாவுக்கு அவல் இடிக்க வேண்டும். ஆவன்னாவுக்கு ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடித்துப் போட வேண்டும். ஈனாவுக்கு இலை தைக்க வேண்டும். பிள்ளைகள் தைத்த இலையில் சோறு போட்டால் ரசம் மடிக்கு வந்துவிடும், இருந்தாலும் அதில்தான் சாப்பாடு. ஊவன்னாவுக்குப் பூவரச இலையைச் சுருட்டி ஊதுவார்கள், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது ஏனா. வெல்லத்தைக் கரைத்துத் தரையில் அந்த எழுத்தின் வடிவில் ஊற்றிவிட்டு, எல்லோரையும் சுற்றி உட்கார வைப்பாய். கொஞ்ச நேரத்தில் எறும்பு வரும். ஒன்று, பத்து, பிறகு சாரிசாரியாக. தரையில் கறுப்பாக அந்த எழுத்து தானே எழும்பி, ஊர்ந்துகொண்டு நிற்கும். "எறும்பே எழுதிருச்சு, ஒங்களுக்கு என்னடா?" என்பாய். இதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடத்தில் என்ன செய்துவிட முடியும்? உன்னிடம் இதை நான் அப்போது சொன்னதில்லை. நீ அலட்டிக்கொள்வாய் என்று அடக்கிக்கொண்டேன்.

இதெல்லாம் நான் பார்த்தது ஜப்பான் சண்டையில் ஊர் திரும்பிய பிறகு. ரங்கூனில் குண்டு விழுந்ததும் கிடைத்த கூட்டத்தோடு மலையிலும் காட்டிலும் நடந்து, எங்கெங்கோ ரயிலேறி, கடைசியில் தாடியும் எலும்புமாகக் கீரனூரில் பஸ் மாறி வந்து நின்றேன். நீ வாசலில் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாய். போடவில்லை, வைத்தாய். நொய் சிந்தவில்லை. பிறகுதான் அழுதாய்.

செல்லத்துக்கு அப்போது நாலு வயசு முடிந்திருக்கும். உன் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இது யாரு ஆத்தா?" என்று கேட்டாள். "ஒங்கப்பாடி" என்றாய். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கப்பா ரங்கூன்ல இருக்காக" என்று உன்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு அப்பா என்பது ஒரு தூரம். தூரம் திடீரென்று தாடியோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்தால் எந்தப் பிள்ளைதான் நம்பும்? விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எட்டத்தில் வைத்துவிட்டு ஓடுவாள். நான் சாப்பிடும்போது ஒளிந்து நின்று எத்தனை உருண்டை போகிறது என்று பார்ப்பாள். ஒருநாள், "அவுக எப்ப அவுக ஊருக்குப் போவாக?" என்று அவள் உன்னிடம் கேட்டது என் காதில் விழுந்தது. காடு கடந்து வந்தபோது பசித்தது, காய்ச்சல் வந்தது, கூட வந்தவர்களை வழியில் விட்டுவிட்டு வந்தேன். அப்போதெல்லாம் அழவில்லை. அன்று மாட்டுக்கொட்டகைக்குப் போய் அழுதேன்.

"அவளா வரட்டும். நீங்க இழுக்காதீங்க" என்றாய். உனக்கென்ன, சொல்லிவிட்டாய். எனக்கு அந்த வீட்டில் உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. அதனால்தான் உன் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கடைசி வரிசையில், குஞ்சான் என்ற மூக்கொழுகிப் பயலுக்குப் பக்கத்தில். இலை தைத்தேன். என் இலைதான் நன்றாக இருந்தது. செல்லம் அதைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஒரு விஷயம். நீ என் பேரைச் சொல்லமாட்டாய். அதில் அதிசயமில்லை, நம் ஊரில் எந்தப் பெண் சொல்கிறாள்? ஆனால் நீ அதிலும் ஒரு படி மேல். ஐயாக்கண்ணு என்று எனக்குப் பேர் வைத்தாலும் வைத்தார்கள், அந்த முதல் எழுத்தே உன் வாயிலிருந்து வராது. எல்லையில் குதிரைமேல் இருக்கிற ஐயனார் உனக்குக் குதிரைச்சாமி. ஐப்பசி வந்தால் தீவாளி மாசம். தெருவில் பெரியவர்களை எல்லோரும் ஐயா என்பார்கள், நீ மட்டும் பெரியவுக என்பாய். இதையெல்லாம் வைத்து உன்னைக் கேலி செய்வது கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு பொழுதுபோக்கு. ஆனால் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறவள் ஐயன்னா வந்தால் என்ன செய்வாள் என்று நான் யோசித்ததே இல்லை.

அந்த நாளும் வந்தது. காலையில் பிள்ளைகள் வந்தார்கள். வழக்கமாக வாசலிலேயே கூச்சல் கேட்கும். அன்று ஒரு சத்தமும் இல்லை. குஞ்சான்கூட வாயை இறுக்கி மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நீ ஒன்றும் பேசாமல் தரையை மெழுகி, கோலமாவில் அந்த எழுத்தைப் பெரிதாகப் போட்டாய். பிள்ளைகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கை புளியங்கொட்டையை அதன்மேல் அடுக்கினார்கள். ஒன்று விலகினால் இன்னொன்று சரி செய்யும். யாரும் யாரையும் கிள்ளவில்லை. தாயில்லாத வீடு மாதிரி இருந்தது முற்றம். ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். பிள்ளைகளுக்கு எழுத்து தெரியவில்லை போலிருக்கிறது, நாம் எடுத்துக்கொடுப்போம் என்று, நல்ல உரத்த குரலில், "ஐயன்னா" என்றேன்.

கொட்டை அடுக்கிய கைகள் எல்லாம் அப்படியே நின்றன. குஞ்சான் என் வாயைப் பார்த்தான். செல்லம் எழுந்தாள். என்னிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா? அது எங்கப்பா எழுத்து. சொல்லக்கூடாது."

"ஏன் சொல்லக்கூடாது?"

"சொன்னா எங்கப்பாவுக்கு ஆகாது. வர்ற வழியில காலு நோகும். ஆத்தாவே சொல்லாது. நாங்க யாருமே சொல்ல மாட்டோம்."

நான் உன்னைப் பார்த்தேன். நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாய். சிரிக்கிறாயா அழுகிறாயா என்று தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் இல்லாத வீட்டில், நான் யாரென்றே தெரியாத நண்டும் சிண்டுமான பிள்ளைகள், ஒவ்வொரு எழுத்துச் சுற்றிலும் ஒரு காலைப்பொழுதை எனக்காக வாய் திறக்காமல் கழித்திருக்கிறார்கள். இந்த வீட்டில் எனக்கு இடமில்லை என்று நான் மாட்டுக்கொட்டகையில் அழுதிருக்கிறேன்.

அதற்குப் பிறகு குஞ்சான் பக்கத்தில் உட்கார்ந்து, உச்சிவெயில் வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் கொட்டை அடுக்கினேன். என் பங்கு தீர்ந்து கை வெறுமையாக நின்றபோது, செல்லம் வந்து தன் மடியிலிருந்து ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டுத் தூரப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில்தான் பேசலாம் என்று சட்டம்போல. கஞ்சி குடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"நீங்களும் ரங்கூனா?"

"ஆமா."

"எங்கப்பாவப் பாத்தீங்களா?"

"பாத்தேன். நடந்து வந்துக்கிட்டிருந்தாரு."

"எப்ப வருவாக?"

நான் கஞ்சியைக் கீழே வைத்தேன். நீதான் சொன்னாய், உப்புக்கல்லை எடுத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல். "வந்துட்டாக."

செல்லம் உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து என் பாதங்களைப் பார்த்தாள். வெடிப்பும் ஆறாத புண்ணுமாக அவை இருந்த கோலம் உனக்குத் தெரியும், நீதானே எண்ணெய் போட்டாய். "காலு நோகுதாப்பா?" என்றாள்.

"நோகலை" என்றேன். நிஜமாகவே அந்த நேரத்தில் நோகவில்லை.

பிறகு அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஐயன்னா வரும்போது மட்டும் உங்கள் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்று வாத்தியார் ஆளனுப்பினார். நம் முற்றத்தில் படித்த அத்தனை பிள்ளைகளும் அப்படித்தானாம். "நீங்களே போய்ச் சொல்லுங்க, ஒங்க எழுத்துதானே" என்று என்னை அனுப்பினாய். நான் போய், என் பேருக்காக ஒரு தெருப் பிள்ளைகளே ஊமையான கதையை அந்த மனிதரிடம் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் நல்லவர், சிரித்துவிட்டார். நான் வகுப்பில் போய் நின்று, "அப்பா வந்தாச்சு, இனிமே சொல்லலாம்" என்று சொன்ன பிறகுதான் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். நீ மட்டும் திறக்கவில்லை.

போன மார்கழியில் உனக்குக் காய்ச்சல் இறங்காமல் நின்றது. வைத்தியர் முகம் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது, உனக்கும் தெரிந்திருக்கும். உன் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரே ஒரு தடவை என் பேரச் சொல்லேன். ஒன் வாயால எப்படி இருக்குன்னு கேக்கணும்" என்றேன். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். கேட்டு முடிப்பதற்குள் விளையாட்டு போய்விட்டது. நீ கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினாய்.

"போங்க. நீங்க இன்னும் ரொம்ப நாளு இருக்கணும்."

சொல்லாமலே போனாய். நானும் இருக்கிறேன். காலையில் எழுந்திருக்கிறேன், மாட்டுக்குத் தவிடு கரைக்கிறேன், வயலுக்குப் போகிறேன். மழை நாளில் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். ஊரில் எல்லோரும் என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தபால்காரர், கடைக்காரர், எதிரே வருகிறவர் யாரானாலும் ஐயாக்கண்ணு, ஐயாக்கண்ணு என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பேர் சொல்லாமல் கூப்பிட ஒருத்தி இருந்தாள், அவள் இல்லை. ஆயுசைக் கட்டிக் கொடுத்தாய். அதைத் தனியே வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த மடலை ஆரம்பிக்கும்போது உன் பேரை மேலே எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். நான் ஆண்பிள்ளை, எனக்கென்ன தடை? உன் பேரை எத்தனையோ தடவை தெருவே கேட்கக் கத்திக் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் கை ஓடவில்லை. நிப்பில் மை காய்ந்து, மறுபடி தொட்டு, அதுவும் காய்ந்தது. கடைசியில் பேர் இல்லாமலே தொடங்கி இவ்வளவு தூரம் வந்துவிட்டேன். உனக்கு இனிமேல் ஆகாமல் போக ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உன் பேரை நான் எழுதவில்லை.