கண்ட்ரோல் ஒன்பது

உன் ரத்தத்தைப் பற்றி விசாரித்து இன்று காலை எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் கடல் கடந்த ஊரில் இருக்கும் ஓர் ஆராய்ச்சியாளர். அவருக்கு உன்னைத் தெரியாது. நீ போய்ச் சேர்ந்ததும் தெரியாது. ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் ரத்தப் புரதங்களை, எடைபோட்டு இனம் பிரிக்கும் மாஸ் ஸ்பெக் எந்திரத்தில் நீயும் நானும் ஓட்டி, அந்தக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி ஓர் இணையதளத்தில் ஏற்றினோமே, அவற்றை இறக்கி மறுபடி கணக்குப் போட்டிருக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, பூச்சிமருந்து படாதவர்கள் குழுவில் 'கண்ட்ரோல் ஒன்பது' மட்டும் பொருந்தவில்லையாம். ஈரலின் புரதங்கள் ரத்தத்தில் கசிந்திருக்கின்றனவாம். மாதிரி மாறிப்போயிருக்குமா என்று மரியாதையாகக் கேட்கிறார்.

மாறவில்லை. கண்ட்ரோல் ஒன்பது நீதான்.

எலப்புள்ளியில் எங்கள் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டே படித்தவள், வாய் கொப்பளிக்க மறந்து நின்றேன். "ஏங்கண்ணு, ஆருக்காச்சும் ஏதாச்சுமா?" என்று மாமியார் கேட்டார். "இல்லீங்கத்தை, பழைய சேதிங்க" என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அந்தத் தளத்தில் கோப்பை ஏற்றுவது ஒன்றும் பெரிதில்லை. எந்தக் கோப்பு எந்த மாதிரி, அது எந்தக் குழு என்று அட்டவணை நிரப்புவதுதான் பெரும்பாடு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீ அசரமாட்டாய். "லேபிள் ஒட்டாத டப்பாவுல உப்பும் ஒண்ணுதான், சோடாமாவும் ஒண்ணுதான். நாளைக்கு எவனாச்சும் இத எடுத்துச் சமைக்கணும்ல?" என்பாய். பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டதும் நீதான்.

சாந்தன்பாறை மலையில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான உங்கள் லயத்துக்குப் பக்கத்தில் ரத்தம் எடுத்த அன்று, வருவதாகச் சொன்ன கடைக்கார அம்மா வரவில்லை. மருந்து அடிக்காதவர்கள் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நீ சுடிதார்க் கையை மேலே சுருட்டினாய். "என்னோடத எடுடி. நான் மருந்தடிச்சதே இல்ல." உன் அம்மாவும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். மருந்து அடித்ததுண்டா என்று கேட்டோம். அவரும் இல்லை என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை.

பிறகு நாம் குழுக்களின் சராசரியைத்தான் பார்த்தோம். அதற்குள் நீ கரைந்துவிட்டாய். அடுத்த வருஷ மழையில் உன் கண் மஞ்சளித்தபோது, "காமாலைடி, கீழாநெல்லி குடிச்சாச் சரியாப் போவும்" என்றாய். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் காலம் கடந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். அந்த நேரமெல்லாம் உன் கோப்பு உலகத்துக்கே திறந்து கிடந்தது. ஒற்றை ஆளாக உன்னைத் திறந்து பார்க்க உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆய்வகக் கேன்டீனில் நீ சொன்ன ஒரு கதை இன்று வேறு மாதிரிக் கேட்டது. பள்ளிக்கூட லீவில் அப்பா மருந்தடிக்க, நீயும் அம்மாவும் பின்னால் மருந்துக் குழாயை, அதுதான் ஓஸை, இழுத்துப் போவீர்களாம். ஒருநாள் ஓஸ் பிய்த்துக்கொண்டு உன்னைத் தலையோடு நனைத்துவிட்டது. "ஏலே, பெரிய பூச்சி ஒண்ணு விழுந்திருச்சு" என்று அப்பா சிரித்தாராம். எனக்குச் சிரித்துப் புரையேறியது. நீ என் தலையில் தட்டினாய்.

உங்கள் தோட்டத்தில் முன்னால் நின்று பீய்ச்சுகிறவன்தான் மருந்தடிக்கிறவன். டிரம்மில் கலக்குவதும் ஓஸ் இழுப்பதும் கூடமாட ஒத்தாசை. அதை யாரும் மருந்தடித்த கணக்கில் சேர்ப்பதில்லை. நான் நெல்வயல்காரி, எனக்கு அது தெரியாது. நீ அதிலேயே வளர்ந்தவள், உனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. மருந்தால்தான் உன் ஈரல் போனது என்று ஒரே ஒரு மாதிரியை வைத்துச் சொல்ல மாட்டேன், சொன்னால் நீயே என்னை மொத்துவாய். ஆனால் 'மருந்து படாதவர்' என்று அட்டவணையில் இருப்பது தப்பு. மாதிரி மாறவில்லை, கேள்விதான் தப்பு என்று அவருக்கு எழுதினேன். பழைய அட்டவணையை அழிக்காமல், அந்தக் குழு முழுவதற்கும் 'மறுபடி விசாரிக்க வேண்டும்' என்று குறித்துப் புதிய பதிப்பை ஏற்றினேன்.

பிறகு உன் அம்மாவுக்கு போன் செய்தேன்.

"நான் எங்கம்மா மருந்தடிச்சேன்? அது அவுக வேல. நான் டிரம்முல கலக்கிக் குடுப்பேன், ஓஸ் இழுப்பேன். இப்பவும் அதானே பொழப்பு."

"ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா, ரத்தம் பாக்கோணுங்க."

"மகளே போயிட்டா. இனி எனக்கு என்னத்தப் பாத்து என்ன ஆவப்போவுது?"

உன்னைத்தான் துணைக்கு இழுத்தேன். "நான் கூப்பிடலீங்கம்மா. உங்க மக ரத்தந்தானுங்க கூப்புடுது" என்றேன்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது, மழை இரைச்சல் அடங்கியது.

"எப்ப வரணும்?" என்றார்.

அந்தக் குழுவில் இன்னும் எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். மருந்தடித்ததில்லை என்று சொன்னவர்கள்தான் எல்லோரும். லயம் லயமாக ஏறி, "ஓஸ் இழுத்தீங்களா?" என்று கேட்கப்போகிறேன். நீ பக்கத்தில் இல்லாமல் அந்த மலை ஏறுவது இதுதான் எனக்கு முதல் தடவை.