ஒன்றை மட்டும் காட்டும் லென்ஸ்

லட்சுமிகாந்தம்,

இதிலுள்ள ஒவ்வொரு எழுத்தும் உண்மை என்று, உன் வீட்டுக்காரனாகிய வெள்ளைத்துரை குத்துவிளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்கிறான். இந்தச் சீட்டிலுள்ள கறை அந்த எண்ணெய்தான்.

அவன் விருதுநகர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். நேற்றைய குழம்பைச் சுடவைத்து மூடியிருக்கிறான்.

பார்த்துவிட்டுச் சொல்லும்படி கொடுத்த லென்ஸைக் கேட்டு ஸ்டுடியோ மணிகண்டராஜ் மத்தியானம் வருவார். ஓரிடத்தை மட்டும் தெளிவாகக் காட்டி மற்றதையெல்லாம் கலங்கடிக்கும் அந்த லென்ஸால்தானே நமக்குள் பேச்சு நின்றது. "ஊர்ல தெளிவாத் தெரியத்தான் லென்ஸ் வாங்குவாக, நீங்க கலங்கலாத் தெரிய வாங்குதீகளாக்கும்?" என்றாய். நியாயம்தான்.

நேற்று அதில் பட்டாசுப் பெட்டி லேபிளுக்குப் படம் எடுத்தான். புஸ்வாணம் மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் புகை. பட்டாசுக் கம்பெனி முதலாளி பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, வெடிச்ச பெறகா படம் எடுத்தீக?" என்றார்.

பிறகு மாடியில் வத்தல் காயப்போட்ட உன்னை எடுத்தான். வத்தல், மாடி, சிவகாசி எல்லாம் கரைந்துபோய் உன் முகம் மட்டும் நின்றது. அதில் கோபம் அம்புட்டுத் தெளிவு. பெட்டியிலுள்ள அத்தனை வெடியும் தெரியும்படி எடுத்தெடுத்து அலுத்தவனுக்கு, இனி ஒன்றே ஒன்றைப் பார்த்தால் போதும் என்றிருக்கிறது.

வாங்குவதா வேண்டாமா, நீயே மணிகண்டராஜிடம் சொல்லிவிடு. சண்டை போட உன் வீட்டுக்காரனுக்குத் தெம்பில்லை. லென்ஸ் உளுந்து டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது.

பீரோ சாவியைத் தேடாதே, அவன் சட்டைப்பையோடு போய்விட்டது.

இன்னொன்று. அந்த லென்ஸ் நம் கேமராவில் மாட்டவே இல்லை; மேலே சொன்ன படமெல்லாம் அவன் வெறுங்கண்ணால் எடுத்ததுதான்.