உயிலின் சாட்சிகள்

ஆடி 8, வியாழன் இரவு

காலையில் பூங்காவில் சபாபதி என்னிடம், "சார் யாரு? வாக்கிங்குக்குப் புதுசா?" என்று கேட்டார். கேலி என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

என் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு வாக்கிங் நண்பர்கள். ஒருவர் போன வருடம் இறந்துவிட்டார். மற்றவர் இந்தச் சபாபதி. மயிலாப்பூர் வீட்டை, கணவனை இழந்து என்னோடு இருக்கும் மகள் சுமதிக்கு எழுதியிருக்கிறேன். "செல்லாதுன்னு கேஸ் போடுவேன்ப்பா" என்று மகன் நேருக்கு நேர் சொல்லிவிட்டான்.

வாத்தியாராக இருந்த காலத்தில், வகுப்பில் சண்டை வந்தால் பார்த்த பையனைத்தான் விசாரிப்பேன். பார்த்தவனே மறந்துவிட்டால்?

இள வயதுச் சாட்சிகளை வைத்து, நாளைக்கே புதிய உயில் எழுதிப் பதிவு செய்துவிடலாம் என்று சுமதியிடம் சொன்னேன்.

"இதையேதான் நேத்தும் சொன்னீங்கப்பா" என்றாள்.

நேற்று அவளிடம் எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.