திராட்சை ஊறப்போடாத மாதங்கள்

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் அவரைப் பந்தலுக்குக் கயிறு கட்டினேன். மத்தியானம் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போய்விட்டது. சாயங்காலம் சபைக் கமிட்டி. இவர் போய்விட்டு வந்து, கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்து, இரண்டாம் தடவை குழம்பு வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஷாரோன் விசயம் பேசினாங்க."

"இன்னா பேசினாங்க?"

"திருவிருந்துல அவளுக்குப் பங்கு இல்லியாம். சபை முன்னாடி நின்னு மன்னிப்பு கேட்டா சேத்துக்கலாமாம்."

எங்கள் ஒரே மகள் ஷாரோன், ஜூன் மாதம் திருப்புலிவனத்து ஜெகனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். அவர்கள் வீட்டில் கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். இரண்டு வீடும் அழுது, சண்டை போட்டு, ஓய்ந்து, இப்போது ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்கிற அளவுக்கு வந்துவிட்டோம். எங்களுக்கு முடிந்த சண்டையைச் சபை இப்போதுதான் ஆரம்பிக்கிறது.

பேச்சை எடுத்தது செயலாளர் கலைச்செல்வனாம். எல்லோரும் கை தூக்கினார்களாம்.

"நீங்க?"

"நான் சபைக்கு மூப்பன். நானே தூக்கலன்னா மத்தவங்க இன்னா சொல்வாங்க?"

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிப் போட்டேன். அவர் இன்னும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஷாரோன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவள் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஜெபம் பண்ணித்தான்மா அவர கட்டிக்கினேன். அதுக்கு யார்கிட்ட மன்னிப்பு கேக்கறது?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் யாரிடம் கேட்கக்கூடாது என்று தெரிகிறது.

செப்டம்பர் 5, வெள்ளி

மாதத்தின் முதல் ஞாயிறு, சபையில் அப்பமும் திராட்சை ரசமும் தருகிற திருவிருந்து. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை கறுப்புத் திராட்சையை ஊறப்போட்டு, சனிக்கிழமை காய்ச்சிப் பிசைந்து வடிகட்டி, ரசத்தை மறுபடி ஒரு கொதி விட்டு, பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பது என் வேலை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான்தான். ஷாரோனுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து காம்பு கிள்ளுவது அவள்.

இன்று திராட்சை டப்பாவைத் திறக்கவில்லை.

"இன்னா, ஊறப்போடலியா?" என்றார் இவர்.

"எம்மவ குடிக்கக்கூடாதத நான் எதுக்கு காய்ச்சணும்? கை தூக்கினவங்க யாராச்சும் காய்ச்சட்டும்."

"இது ஆண்டவர் காரியம், வசந்தா."

"ஆண்டவர் வந்து கேக்கட்டும். அவருக்குத் தரேன்."

சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது. முழங்கால் போட்டு அவரிடமே சொல்லிவிட்டேன்: கோபம் உம்மேல் இல்லை. அந்தக் கமிட்டி மேல்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கலைச்செல்வன் உத்திரமேரூர் கடைத்தெருவில் திராட்சை ஸ்குவாஷ் வாங்கி வந்துவிட்டார். தண்ணீர் கலக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. குடித்தவர்களெல்லாம் முகத்தைக் கோணிக்கொண்டு திரும்பினார்கள்.

நான் முன்னால் போகவில்லை. கடைசி பெஞ்சில் ஷாரோன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். என் வாழ்நாளில் உடம்பு நன்றாக இருந்தும் திருவிருந்துக்கு எழுந்து போகாதது இதுதான் முதல் தடவை.

ஜெகன் வெளியே புங்கமரத்தடியில் பைக்கோடு நின்றான். உள்ளே வந்து உட்காரேன் என்றேன்.

"வேணாம் அத்தை. அதுக்கும் ஒரு மீட்டிங் போடுவாங்க."

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கலைச்செல்வன் லாரிக்கு முன்னால் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. டிரைவர் உடைத்தானாம், அவருக்கு ஒன்றும் தெரியாதாம். லாரி நெற்றியில் சந்தனம் கூட டிரைவர்தான் வைத்திருப்பான். வைக்கட்டும், எனக்கென்ன? லாரி திருவிருந்துக்கு வரப்போவதில்லை.

நம் வீட்டில் வேறு கூத்து. ஸ்குவாஷை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்று இவர் தானே ரசம் செய்கிறாராம். திங்கட்கிழமையே செய்து, பாட்டிலை இறுக்கி மூடி ஜன்னலில் வெயில் படும்படி வைத்திருக்கிறார். வடிகட்டியதை மறுபடி கொதிக்க வைத்தாரா? இல்லை. சொல்லலாமா என்று யோசித்தேன். என்னைக் கேட்கவில்லையே, நான் ஏன் சொல்ல வேண்டும்?

அக்டோபர் 5, ஞாயிறு

சிரிக்கக்கூடாது. ஆண்டவரே, சிரிக்கக்கூடாதுதான்.

போதகர் பாட்டில் மூடியைத் திருகினார். 'டொப்' என்று ஒரு சத்தம். மூடி பறந்தது. நுரை பொங்கி வெள்ளைத் துணியெல்லாம், அவர் அங்கியெல்லாம் ஊதா நிறம். சபை முழுக்கக் கள்ளுக்கடை வாசனை. குடிக்கமாட்டோம் என்று போன வருஷம் கை உயர்த்திப் பொருத்தனை பண்ணின ஆம்பளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே பார்த்தார்கள். கடைசி பெஞ்சில் ஷாரோன் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

இவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து கலைச்செல்வனும் போதகரும் வீட்டுக்கு வந்தார்கள். டீ கொடுத்தேன்.

"வீம்பு பண்ணிக்கினு கீறீங்கம்மா. சபைக்கே பேஜாரா கீது" என்றார் கலைச்செல்வன்.

"ஷாரோனுக்கு பங்கு உண்டுன்னு சொல்லுங்க. இப்பவே ஊறப்போடறேன்."

"அவ மன்னிப்பு கேட்டா..."

"டீ ஆறுது, குடிங்க."

போதகர் இந்த ஏப்ரலில் வந்தவர், சின்ன வயசு. "கமிட்டி முடிவும்மா. நான் தனியா மாத்த முடியாது" என்று டம்ளரைப் பார்த்துச் சொன்னார். போகும்போது அவர்தான் ஜெபம் பண்ணினார். அதில் ஷாரோன் பெயரையும் சொன்னார், ஜெகன் பெயரையும் சொன்னார். கலைச்செல்வன் ஆமென் சொல்லவில்லை.

அக்டோபர் 29, புதன்

கலைச்செல்வன் மனைவி கீதாவுக்கு விஷக்காய்ச்சல். நாலு நாளாகக் கஞ்சியும் துவையலும் கொண்டுபோகிறேன். "அவர் உங்கள அப்டி பேசினாரே, நீங்க எதுக்கு வரீங்க?" என்றாள். சண்டை அவரோடு, காய்ச்சல் உனக்கு என்றேன். ஷாரோன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். சபையில் ஒருத்தி வாய்விட்டு அதைக் கேட்டது இன்றுதான்.

நவம்பர் 2, ஞாயிறு

மறுபடி ஸ்குவாஷ். தண்ணீர் கலந்திருந்தார்களாம்.

கடைசி பெஞ்சில் நானும் ஷாரோனும். திருவிருந்துப் பாட்டு ஆரம்பித்ததும், நாலாவது பெஞ்சில் உட்காருகிற பவளம் எழுந்து முன்னால் போகாமல் பின்னால் வந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னா பவளம்?"

"எம்மவன் ஓசூர்ல ஒரு பொண்ணக் கட்டிக்கினு கீறான். அவங்களும் சாமி கும்பிடறவங்கதான். உம்பொண்ணு வெளிய சொல்லிச்சு, நான் சொல்லல. அவ்ளோதான் வித்தியாசம்."

இந்தச் சபையில் எத்தனை வீட்டில் எத்தனை ஜெகன்கள் இருக்கிறார்களோ.

நவம்பர் 9

வீட்டு ஜெபம் பவளம் வீட்டில். சுண்டல். யாரும் ஷாரோன் விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. எல்லோரும் அதைப் பற்றித்தான் ஜெபம் பண்ணினார்கள்.

டிசம்பர் 6, சனி

கோபம்.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்தால், அடுப்படியில் இவரும் ஷாரோனும். அவள் திராட்சையைப் பிசைகிறாள், இவர் வேட்டித் துணியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முதலில் வடித்தது அடுப்பில் கொதிக்கிறது.

"இன்னாடி பண்ற?"

"ரசம்மா."

"உனக்கு வாய்ல வைக்க குடுக்காதத நீயே செஞ்சு குடுக்கறியா? உனக்காகத்தானே நான் ரோசமா நிக்கறேன். எனக்கு சூடு சொரணை கீதே, உனக்கு இல்லியா?"

அவள் நிமிரவில்லை. "அன்னிக்கு நைனா மூஞ்சிய நீ பாத்தியா? நான் பாத்தேன். கிறிஸ்மஸ் மாசம்மா. இன்னொரு தபா அவர் அப்டி நிக்கக்கூடாது."

"நாளைக்கி முன்னாடி போய் நிப்பியா?"

"மாட்டேன். மன்னிப்பும் கேக்கமாட்டேன். ரசம் மட்டும் செய்வேன்."

துணி வழியாக ரசம் இவர் மணிக்கட்டில் வடிந்துகொண்டிருந்தது, இவர் துடைக்கவில்லை.

சரி. செய்யட்டும். நான் எழுந்து போகமாட்டேன். போகவே மாட்டேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

போதகர் கூப்பிட்டார். ஆம்பளைகள் வழக்கம்போல் முதலில் போய் வந்தார்கள். பொம்பளைகள் பக்கம் அசைவில்லை. முன் வரிசையில் கீதா. அவள் எழுந்தால்தான் மற்றவர்கள் எழுவார்கள், அதுதான் பழக்கம். கீதா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். கலைச்செல்வன் ஆம்பளைகள் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினார். அவள் திரும்பவே இல்லை.

பாட்டு முடிந்துவிட்டது. அடுத்த பாட்டை யாரும் எடுக்கவில்லை.

போதகர் அப்பத் தட்டோடு நின்றார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார், அங்கியோடு. "எனக்கு அவசரம் இல்ல. நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்றார். யாருக்காக என்று சொல்லவில்லை.

பாத்திரத்தை ஏந்தி நின்றது இவர். மூப்பர் வேலை அதுதான். நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து பாத்திரத்துக்குள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கிராதியைத் தாண்டி, நடுவில் விரித்திருந்த பாய்மேல் நடந்து வந்தார். நேராகக் கடைசி பெஞ்சுக்கு. கலைச்செல்வன் எழுந்து, "ஆனந்தண்ணே, கமிட்டி முடிவு" என்றார். இவர் நிற்கவில்லை.

"எய்ந்து வா, ஷாரோன்" என்றார், வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். "கை நோவுது."

அவள் எழுந்தாள். இவர் முன்னால், அவள் பின்னால். போதகர் படியிலிருந்து எழுந்து அங்கியைத் தட்டிவிட்டுக்கொண்டார். பொம்பளைகளில் முதல் அப்பம் அவளுக்கு. அவள் குடித்த பிறகு இவர் பாத்திரத்தின் விளிம்பைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் கீதா எழுந்தாள். அப்புறம் எல்லோரும். நான் கடைசியில்தான் போனேன். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது, வீம்பு அப்படிப் பழகிவிட்டது. ரசம் நன்றாக இருந்தது. என்னுடையதைவிட ஒரு துளி இனிப்பு அதிகம்.

டிசம்பர் 11, வியாழன்

கமிட்டி கூடியது. இவரை மூப்பர் பொறுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று கலைச்செல்வன் சொன்னாராம். கை தூக்கச் சொன்னார்களாம்.

"எத்தினி பேர் தூக்கினாங்க?"

"அவர் ஒருத்தர் தூக்கினார்."

குழம்பு ஊற்றினேன். கேட்காமலே இன்னொரு கரண்டியும் ஊற்றினேன்.

ஜனவரி 2, வெள்ளி

திராட்சை ஊறப்போட்டேன். ஷாரோன் காம்பு கிள்ளினாள். ஜெகன் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்துவிட்டான், ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் கையில் ஒரு தட்டு தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை புங்கமரத்தடி வேண்டாமாம், கடைசி பெஞ்சில் உட்காருகிறானாம். மீட்டிங் போட்டால் போடட்டும் என்கிறான்.

இவர் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னா, இந்த தபா ஜாஸ்தியா போட்டுக்கினு கீறே?"

"பவளத்து மருமக ஓசூர்லேர்ந்து வருதாம்" என்றேன்.