கூழ்த்தொட்டிப் பாடமும் உன் மாமாவும்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்புக்குப் பெரிய குறையில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மருமகளும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எழுந்ததும் முதல் நினைப்பு. அப்பாவின் முழங்கால் வலி வருவதும் போவதுமாக இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று வீட்டுக்குள்ளேயே வாசலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறார், ஒவ்வொரு நடைக்கும் ஒரு டப்பா திறக்கும் சத்தம் கேட்கிறது, கேட்டால் டாக்டர் சொன்னதைத்தானே செய்கிறேன் என்கிறார். மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போனதில் தெருவே ஓய்ந்த மாதிரி இருக்கிறது. போன வாரம் போனில் நீ இரண்டு கேள்வி கேட்டாய். உங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேரும் நர்சுகளுக்கு ஏஐ வைத்து ஆன்லைன் பாடம் தயாரிக்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது, ஆலையில் அதையே செய்கிறவள் என்ற முறையில் நான் என்ன சொல்கிறேன் என்பது ஒன்று. மாமா ஏன் உன் போனை எடுப்பதில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் அப்புறம் பேசலாம் என்று தட்டிக்கழித்தேன். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான், அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே விட்டுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பதறாமல் படி. மாமா உயிரோடு இருக்கிறான், வேலைக்கும் போகிறான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் மாடிப்படியில் வழுக்கி விழுந்தான் என்று உன்னிடம் சொன்னது பொய். நீ அங்கே வேலையில் சேர்ந்து காலூன்றாத நேரம், நடந்ததைச் சொன்னால் விமானம் ஏறிவிடுவாய் என்று ஆஸ்பத்திரியில் மாமாவோடு இருந்த உன் அத்தைதான் மறைக்கச் சொன்னாள், நானும் சரியென்றேன். நடந்தது ஆலையில். காகிதக் கூழை நிரப்பி வைக்கும் தொட்டிகளைச் சின்ன வயதில் நீயே பார்த்திருக்கிறாய், கிணறு மாதிரி ஆழம், உள்ளே இறங்க இரும்பு ஏணி. கூழ் பல நாள் தேங்கி நின்றால் அடியில் விஷவாயு கட்டிக்கொள்ளும், ஒரு மூச்சு இழுத்தால் போதும், ஆள் சாய்ந்துவிடுவார். அதனால் இறங்குகிறவர் கையில் வாயுவை அளக்கும் மீட்டர் இருக்க வேண்டும், மேலே ஒருவர் காவல் நிற்க வேண்டும், உள்ளே இருப்பவர் விழுந்தால் காவல் நிற்பவர் அலாரத்தை அழுத்திவிட்டு மூச்சுக் கருவியோடு மீட்க வரும் முகமூடிக் குழுவுக்காகக் காத்திருக்க வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் தானும் இறங்கக் கூடாது. இதையெல்லாம் முன்பு முற்றத்தில் வைத்துக் கயிறும் கப்பியுமாகச் செய்து பழக்குவோம். அதற்கு ஒரு ஷிஃப்ட் முழுக்க இயந்திரத்தை நிறுத்த வேண்டியிருந்தது, அது மேலாளருக்குக் கண்ணில் விழுந்த தூசி. ஏஐ மென்பொருள் வாங்கியதும் இனி எல்லாம் ஆன்லைன் பாடம் என்று சொல்லி முற்றத்துப் பயிற்சியை நிறுத்தினார், பாடம் செய்யும் வேலை எனக்கு வந்தது. விதிமுறைப் புத்தகத்தை அப்படியே அதற்குள் போட்டேன், சாயங்காலத்துக்குள் படம், கேள்வி, சான்றிதழ் எல்லாம் தயார். வெள்ளை ஹெல்மெட் போட்ட ஒரு மனிதரைக்கூட அதுவே உண்டாக்கி, பாடத்தைப் பேச வைத்தது. உள்ளே போனால் உயிர் போகும் என்று சொல்லும்போதும் அவர் சிரித்துக்கொண்டே இருந்தார், ஆலையில் அவருக்குச் சிரிப்பு சார் என்று பேர் வைத்துவிட்டார்கள். எல்லாரும் போனிலேயே பார்த்துப் பாஸ் செய்தார்கள், உன் மாமா நூற்றுக்கு நூறு, அந்தச் சான்றிதழை எனக்கே அனுப்பி, அக்கா ஸ்வீட் எங்கே என்று கேட்டான்.

நெட்டையனை உனக்கு நன்றாகத் தெரியும், உன் கல்யாணப் போட்டோ ஒன்றில்கூடத் தலை முழுசாக விழாமல் நிற்பாரே, அவர்தான். மாமாவும் அவரும் ஒன்றாக ஆலையில் சேர்ந்து ஒன்றாகவே காலம் தள்ளியவர்கள், ஒருவர் டிபன் பாக்ஸை இன்னொருவர் திறப்பார். அன்றைக்குத் தொட்டி சுத்தம் செய்ய நெட்டையன் இறங்கினார், மாமா மேலே காவல். அவர் கையில் இருந்த மீட்டரில் பேட்டரி செத்துப்போயிருந்தது, அது எதையுமே அளக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மேலே மாமாவுக்கு உதவியாக இருந்த இன்னொரு ஆளை வேறு பிரிவில் ஆள் குறைகிறது என்று சற்று முன்புதான் கூப்பிட்டுக்கொண்டு போயிருந்தார்கள். நெட்டையன் அடியில் கால் வைத்தார், ஏதோ சொல்ல நிமிர்ந்தார், அப்படியே சரிந்தார். அலாரம் மாமாவின் கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவன் அழுத்தவில்லை. ஏணியில் இறங்கினான், பாதியில் அவனும் மயங்கிக் கீழே விழுந்தான். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியோடு அந்தப் பக்கம் வந்தவர் ஆளில்லாத தொட்டி வாயைப் பார்த்துச் சத்தம் போட, முகமூடிக் குழு வந்து இரண்டு பேரையும் தூக்கினார்கள். நெட்டையன் போய்விட்டார். மாமாவுக்கு நினைவு வந்தபோது அவர் அடக்கமே முடிந்திருந்தது. அவன் எங்கே என்று மாமா கேட்டான், அத்தை தலையைக் குனிந்துகொண்டாள், அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம் வீடு வந்து வெகுநாள்வரை சாப்பாடு, தண்ணீர் என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் அவன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. உன்னிடம் அந்த மாடிப்படிக் கதையைத் தானும் சொல்ல வேண்டுமே என்றுதான் உன் போனையும் எடுப்பதில்லை.

அதோடு விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்போம். தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்தார், ஆலையின் தரப்பில் ஒரே வாதம், உன் மாமா பயிற்சி பெற்றவர், அதில் முழு மதிப்பெண் எடுத்தவர், விதி தெரிந்தே மீறியிருக்கிறார், ஆகவே பொறுப்பு அவருடையது, வேலையிலிருந்து நீக்கப்போகிறோம். நெட்டையன் மேலும் மீட்டரைச் சரிபார்க்காத குற்றம். செத்தவரும் சாகக் கிடந்தவரும்தான் குற்றவாளிகள், வேறு யாருமில்லை. அதற்கு ஆதாரம் நான் செய்த பாடம். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, நீங்க அவரோட அக்கா, உங்களுக்குச் சங்கடம் வேண்டாம், விசாரணைக்கு வராதீங்க, ரிக்கார்டை நாங்களே கொடுத்துக்கறோம் என்று பரிவாகச் சொன்னார். அப்பாவிடம் கேட்டேன். போனா உன் வேலைக்கு ஆபத்து, போகலைன்னா உனக்குத் தூக்கம் வராது, எது பரவாயில்லைன்னு நீயே பாரு என்றார். போனேன். அதிகாரி முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்து, சார், நீங்க இந்தப் பாடத்தைப் பார்த்ததில்ல, பார்க்காமலே கேள்விக்குப் பதில் சொல்லுங்க என்றேன். அவர் புரியாமல் பார்த்தார், பிறகு ஒவ்வொன்றாகத் தட்டினார், எல்லாம் சரி. எப்படி சார் தெரிஞ்சுது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு, நாலு பதில்ல எது நீளமா இருக்கோ அதைத் தொட்டேம்மா என்றார். அதுதான் உண்மை, தப்பான பதிலெல்லாம் நாலு வார்த்தை, சரியான பதில் மட்டும் எல்லா விவரத்தோடும் நீளமாக இருந்தது, அந்த மென்பொருளுக்கு அது ஒரு பழக்கம், நானும் அதைத் திருத்தாமல் விட்டிருந்தேன். அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார், அதுதான் என்னைக் குத்தியது. அப்போ உங்க தம்பிக்கு விதி தெரியாதுன்னு சொல்றீங்களா என்றார். தெரியும் சார், பொய் சொல்ல மாட்டேன், தெரியும் என்றேன். ஆனா கூட்டாளி கீழே கிடக்கறப்போ மேலே நிக்கறதுக்கு அவனை யாரும் பழக்கல, பழக்கிட்டு இருந்ததையும் நிறுத்திட்டோம் என்றேன். மேலாளர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பை அதிகாரிதான் மூடினார்.

தீர்ப்பு வர நாளாயிற்று. மாமாவுக்கு எச்சரிக்கை மட்டும், வேலை நிலைத்தது. மீட்டர்களைச் சரியாக வைக்காததும் மேலே உதவிக்கு இருந்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டதும் ஆலையின் தவறு என்று எழுதினார்கள். முற்றத்துப் பயிற்சி மறுபடி நடக்க வேண்டும், பாடத்தைப் புதிதாகச் செய்ய வேண்டும். அதையும் என் தலையில்தான் கட்டினார்கள், தண்டனையா நம்பிக்கையா என்று நான் கேட்கவில்லை. இந்தத் தடவை விதிப்புத்தகத்தைத் தூர வைத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி அந்த ஏஐக்கு எழுதினேன், இதிலிருந்து ஒரு பாடம் செய்து கொடு என்றேன். அது உடனே செய்யவில்லை, திருப்பி ஒரு கேள்வி கேட்டது. மேலே நின்றவர் அலாரத்தை அழுத்தாமல் இறங்கிய அந்த நொடியில் அவரை எது தடுத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டது. எந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை கண்ணா, நியாயமான கேள்வி, நாங்கள் ஒருத்தரும் கேட்காத கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடியவன் மாமா ஒருவன்தான். லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் மடித்தேன். பிறகு அந்த நொடியைப் பற்றிக் கேட்டுவிட்டேன். கையிலிருந்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான், கோபித்துக்கொண்டான் என்றே நினைத்தேன். அப்புறம் சொன்னான், அக்கா, இறங்கணும்னு நான் முடிவே பண்ணல, டேய்ன்னு கூப்பிட்டேன், பதில் வரல, கால் ஏணியில இருக்கறப்போதான் எனக்கே தெரிஞ்சுது, நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஞாபகம் இருந்தது, ஆனா அது வேற யாருக்கோ சொன்ன மாதிரி இருந்தது என்றான். எதுடா உன்னைத் தடுத்திருக்கும் என்றேன். ஒண்ணும் தடுத்திருக்காது, யாராவது பின்னாலேருந்து என் பெல்ட்டைப் பிடிச்சிருந்தா உண்டு என்றான். சொல்லிவிட்டு அழுதான், அது நடந்த பிறகு அன்றுதான் முதல்முறையாக அழுதான், அத்தை சமையலறையிலிருந்து ஓடி வந்தாள், மூன்று பேருமாக அந்தத் துணிக் குவியல் நடுவே உட்கார்ந்திருந்தோம். பெல்ட் என்று அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் புதுப் பாடத்தின் முதுகெலும்பு. தொட்டி வாயில் இனி இரண்டு பேர் நிற்பார்கள், ஒருவர் உள்ளே இருப்பவரைப் பார்க்க, இன்னொருவர் பார்க்கிறவரின் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள. பிடிக்கிறவர் தொட்டிக்குள் பார்க்கக் கூடாது, பார்த்தால் அவருக்கும் கால் ஓடும். இதை ஏஐயிடம் சொன்னதும் அது காட்சி காட்சியாக அழகாகப் பிரித்துக் கொடுத்தது, எங்கே தவறான முடிவு எடுத்தால் என்ன ஆகும் என்று படிப்பவரே தேர்ந்தெடுத்துப் போகும்படி செய்தது. சிரிப்பு சாரை எடுத்துவிட்டேன், யாரும் அவரைத் தேடவில்லை. பாடத்தைப் போடுவதற்கு முன் நெட்டையனின் மனைவியிடம் காட்டினேன். எங்க வீட்டுக்காரர் தப்பு பண்ணாருன்னு இதுல வருமா என்று ஒன்றே ஒன்று கேட்டார். மீட்டர் செத்திருந்தது, அதை அவர் கையில் கொடுத்ததுதான் தப்பு என்று முதல் பக்கத்திலேயே வைத்திருந்ததைப் படித்துக் காட்டினேன். அந்த வரியை எடுக்கச் சொல்லி மேலாளர் இரண்டு தரம் ஆள் அனுப்பினார், எடுக்கவில்லை.

முற்றத்துப் பயிற்சி திரும்ப ஆரம்பித்த அன்று, அங்கே பயிற்சிக்கென்று இருக்கும் காலித் தொட்டியின் வாயில் தானே நிற்பதாக மாமா சொன்னான். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கீழே ஆளுக்குப் பதில் சாக்கில் மணல் கட்டி நிறுத்தியிருந்தோம், அது விழும் என்று அவனுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். விழுந்தது. விழுந்த அந்தக் கணமே அவன் பாய்ந்தான், வெறும் மணல்மூட்டைக்காகப் பாய்ந்தான். பின்னால் பிடித்திருந்தவர் பெல்ட்டை விடவில்லை, இரண்டு பேரும் மல்லாந்து தரையில் விழுந்தார்கள். விடுடா விடுடா என்று மாமா கத்தினான், அவர் விடவில்லை, படுத்தபடியே அலாரம் அலாரம் என்று அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மாமா தவழ்ந்து போய் அழுத்தினான். முகமூடிக் குழு வந்து மூட்டையை மேலே ஏற்றி வைத்தது. பாடத்தைப் பற்றிய உன் கேள்விக்குப் பதில் இதுதான் கண்ணா. அந்த ஏஐயைத் தாராளமாக வைத்துக்கொள், நாள்கணக்கான வேலையைச் சுருக்கிவிடும், ஆனால் விதிகளை மட்டும் கொடுத்தால் விதிகளையே அழகுபடுத்தித் திருப்பித் தரும். உங்கள் நர்சுகளில் கை நடுங்கியவர் யார், எந்த நேரத்தில் நடுங்கினார் என்று முதலில் போய்க் கேள், கேட்டதைப் பாடத்தில் போடு. பாஸ் ஆனவர்கள் பட்டியலைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கிவிடாதே. உன் பாடத்தை யாராவது ஒரு நர்ஸுக்கு எதிராகத் தூக்கிக்கொண்டு வந்தால் எழுந்து பேசு.

மருமகளுக்கு எங்கள் அன்பைச் சொல், சளி பிடித்தால் மாத்திரையோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போகச் சொல். அப்பா உனக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைக் கேட்டார், பிறகு எல்லாம்தான் நீ எழுதிட்டியே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இருவரும் எங்கள் ஆசீர்வாதத்தோடு ஆயுளும் சுகமும் பெற்று நிறைவாக இருங்கள். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிடு, இந்தத் தடவை எடுப்பான், நான் சொல்லி வைத்திருக்கிறேன். நெட்டையனைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவன் பேசினால் குறுக்கே பேசாதே, பேச்சு நின்றால் சும்மா இரு, போனை வைத்துவிடாதே. தொட்டி வேலை வரும் நாளில் இப்போது அவன் பின்னால் நிற்கும் இடத்தைத்தான் கேட்டு வாங்கிக்கொள்கிறான். முன்னால் நிற்கும் இளவட்டங்கள், அண்ணே இடுப்பு வலிக்குது, கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க என்று கெஞ்சுகிறார்களாம். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையைத் தளர்த்தாமல் நிற்கிறான்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா