நன்றியுரைப் பக்கம்

பர்மிங்ஹாம்
14-11-1971

அன்புள்ள கன்னியப்பா,

நான் சௌக்கியம். இந்த ஊரில் சௌக்கியம் என்றால் மூக்கு ஒழுகாமல் இருப்பது. அந்த வகையில் பாதி சௌக்கியம். சாமுண்டியும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்? என் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது நான் எழுதாத அன்பான வார்த்தைகளையும் சேர்த்துப் படிக்கிறாயாமே. "எம் புள்ள இவ்ளோ நல்லா பேசமாட்டானே" என்று அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாகக் கேள்வி. கொஞ்சம் குறைத்துக்கொள்.

வந்து பதினான்கு மாதம். இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. நம் பட்டறையில் டிப்ளமா படித்தவன் நான் ஒருவன் என்பதால் ரகுநாதன் முதலாளி இந்தப் படிப்புக்கு எனக்குச் சிபாரிசு எழுதினார். லேத்தில் யாருக்குக் கை இருக்கிறது என்று பார்த்திருந்தால் உன்னைத்தான் அனுப்பியிருக்க வேண்டும். இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

ஓர் உதவி வேண்டும். கடைசி வருஷத்தில் ஆளுக்கு ஓர் ஆய்வு எழுத வேண்டும். உனக்குத் தெரிந்ததை எழுது என்றார் பேராசிரியர். எனக்குத் தெரிந்தது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே ஒரு பட்டறை. அதையும் மாடியில் வரைபட மேஜையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். கீழே வேலை உண்மையில் எப்படி நடக்கிறது, நேரம் எங்கே போகிறது என்று ஒன்றும் விடாமல் எழுது. ரிஜிஸ்டரில் இருப்பது வேண்டாம். அது முதலாளியிடமே கிடைக்கும்.

உன்
உலகு


மண்ணூர்பேட்டை
30-11-1971

அன்புள்ள உலகு,

கடிதம் கிடைத்தது. வெள்ளைக்காரப் பேராசிரியர் படிக்கப்போகிறார் என்றதும் சாமுண்டி, "அப்ப நல்ல சட்டையா போட்டுக்கினு எழுது" என்றாள். பனியனோடுதான் எழுதுகிறேன். அவருக்குத் தெரியவேண்டாம்.

நேரம் எங்கே போகிறது என்று கேட்டாய். கடைகிற துண்டைக் கவ்வும் சக்கை இறுக்க, மூன்று லேத்துக்கு ஒரே சாவி. நாளில் முக்கால் மணி நேரம் நாங்கள் எல்லோரும் சாவி தேடும் தொழிலாளர்கள். அப்புறம் மின்வெட்டு. அதற்கு நாங்கள் பொறுப்பில்லை. ஆனால் அந்த நேரத்தில் உட்கார்ந்திருந்தால் முதலாளிக்கு எங்கள் முகம் பிடிப்பதில்லை. ஆகவே நின்றுகொண்டு சும்மா இருக்கிறோம்.

மாடியில் இருந்த உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பம்பு செட் புஷ் கடைவதற்கு ஆளுக்கு நாளொன்றுக்கு எண்பது என்று வைத்திருக்கிறார்களே, கை ஓடுகிறவன் நூறைத் தாண்டுவான். நூறு என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதம் எல்லோருக்கும் நூறாகிவிடும். அதனால் எண்பதைக் கொடுத்துவிட்டு மீதியை, இரும்புச் சுருள் கொட்டும் தொட்டிக்குப் பின்னால் ஒரு கோணியில் போடுகிறோம். அதற்குச் சாமி பங்கு என்று பெயர். காய்ச்சலோடு வந்தவன், பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்று பாதியில் ஓடினவன், யாருக்குக் குறைந்தாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்வான். யாரும் கேட்பதில்லை. யாரும் எழுதி வைப்பதும் இல்லை.

வேம்புலி அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. ஐம்பதுக்கு மேல் வராது. பாக்கி முப்பதை இரண்டு வருஷமாகச் சாமிதான் கொடுக்கிறது. மைக்ரோமீட்டரை என் பக்கம் நீட்டி, "இன்னா நைனா கீது?" என்பார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அதான் நானும் பாத்தேன்" என்பார்.

இதையெல்லாம் எழுதலாமா கூடாதா என்று நீ பார்த்துக்கொள். உன்னிடம் சொல்ல எனக்கு என்ன தடை.

உன்
கன்னியப்பன்


பர்மிங்ஹாம்
20-3-1972

அன்புள்ள கன்னியப்பா,

ஆய்வு முடிந்துவிட்டது. நூற்றிருபது பக்கம், நீலத் துணி பைண்டு. நீ எழுதிய சாமி பங்கு நான்காம் அத்தியாயமாகிவிட்டது. பேராசிரியர் அந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு, "அருமை" என்று எழுதினார். இந்த ஊரில் அதுதான் கட்டிப்பிடித்துக்கொள்வது. அதற்கு 'பதிவாகாத உபரித் திறன்' என்று ஒரு பெயர் இருக்கிறது என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. நாம் செய்கிற எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் திறனைப் பதிவுக்குக் கொண்டுவந்தால் புது மிஷின் ஒன்றுகூட வாங்காமல் உற்பத்தி கால் பங்கு ஏறும் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

பயப்படாதே. வேம்புலியின் பெயரைப் போடவில்லை. 'பார்வை குன்றிய முதிய தொழிலாளி ஒருவர்' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

உன் பெயரை மட்டும் விட முடியவில்லை. முதல் பக்கத்தில் நன்றியுரை என்று ஒன்று இருக்கிறது. பேராசிரியருக்கு ஒரு வரி, முதலாளிக்கு ஒரு வரி, உனக்கு மூன்று வரி. 'மண்ணூர்பேட்டையைச் சேர்ந்த, எங்கள் தொழிற்கூடத்தின் கடைசல் தொழிலாளி திரு. கன்னியப்பன் மனமுவந்து தந்த விவரங்கள் இல்லாவிட்டால் நான்காம் அத்தியாயம் இல்லை' என்று இங்கிலீஷில் இருக்கிறது. ஒருவனுக்குக் கடமைப்பட்டிருந்தால் அதை மறைக்கக்கூடாது என்பது இங்கே கற்றுக்கொண்டது.

முதலாளிக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்பிவிட்டேன். சிபாரிசு செய்தவருக்கு அதுதான் மரியாதை.

உன்
உலகு


மண்ணூர்பேட்டை
7-5-1972

அன்புள்ள உலகு,

உன் புத்தகம் வந்து சேர்ந்தது.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி அதைக் கையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. நேராகத் தொட்டிக்குப் பின்னால் போய்க் கோணியை இழுத்துத் தரையில் கொட்டினார். இருநூற்றுச் சொச்சம் புஷ் உருண்டு ஓடியது. பிறகு மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, நான்காம் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கே புரிந்தது.

வேம்புலி அண்ணன் பெயரைப் போடவில்லை என்று எழுதியிருந்தாய். உண்மைதான். எங்கள் பட்டறையில் பார்வை குன்றிய முதியவர் ஒருவர்தான் இருக்கிறார். முதலாளி அவர் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அவர் வழக்கம்போல என் பக்கம் நீட்டினார். முதலாளி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றோடு அவருக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து ஆளுக்கு நூற்றைந்து.

கடைசியாக முதல் பக்கத்தைப் படித்தார். மூன்று வரியையும். படித்துவிட்டு எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. டீ வந்தால் முதல் கிளாசை எனக்குக் கொடுக்கிறார்கள், வீட்டுக்கு வந்த அந்நியனுக்குக் கொடுக்கிற மாதிரி. பேச்சு மட்டும் இல்லை. கனத்த சக்கை மாற்ற வேண்டுமானால் மறுபக்கம் ஒரு கை வேண்டும் என்று உனக்குத் தெரியும். அந்தக் கை வருவதில்லை. பக்கத்து லேத் ஆனந்தன் ஒருவன்தான் பேசினான். "மாமே, சீமைக்கு எழுதிப் போடு. இன்னிக்கு நான் ரெண்டு தபா ஒண்ணுக்குப் போனேன்" என்றான்.

வேம்புலி அண்ணன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். "நீ வேணும்னு சொல்லியிருக்க மாட்டே நைனா. ஆனா பொஸ்தகத்துல உம் பேருதான கீது" என்றார். பெயர் இருக்கத்தானே செய்கிறது.

நீ வந்ததும் எனக்காக ஒரு காரியம் செய்ய வேண்டும். டீ நேரத்தில் கீழே இறங்கி வந்து அவர்கள் முன்னால் சொல். கேட்டது நான், சிநேகிதன் என்று நம்பி எழுதினான், முதலாளிக்குப் போகும் என்று இவனுக்குத் தெரியாது. இவ்வளவுதான். நான் சொன்னால் நம்பமாட்டார்கள். நீ சொன்னால் நம்புவார்கள். இதைத் தவிர உன்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

கன்னியப்பன்


பர்மிங்ஹாம்
11-6-1972

அன்புள்ள கன்னியப்பா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை. வந்ததும் முதல் வேலையாகக் கீழே வந்து சொல்லிவிடுகிறேன். அது என் பொறுப்பு.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு வருஷத்தில் என்ன சம்பாதித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோடும் பேசாமல் இருந்து, திங்கட்கிழமை பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கும்போது குரல் வராமல் போனதுண்டு. அப்போது உன் கடிதம்தான் துணை. இதை நான் மறக்கவில்லை. பிறகு பழகிவிட்டது. வரிசையில் நிற்கக் கற்றேன். தேநீர் போடக் கற்றேன். கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் மன்னிப்புக் கேட்கக் கற்றேன். கல்லூரிப் பட்டறையைக் கூட்டுகிறவர் பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார், அவரும் திரும்பிப் பார்க்கிறார். அதைப் பார்த்த அன்று, நம் ஊரில் நான் இதைக் கொண்டுவருவேன் என்று டயரியில் எழுதினேன்.

கற்றதிலேயே பெரியது இது: ஒரு தவறு நடந்தால் இங்கே ஆளைத் தேடுவதில்லை, காரணத்தைத் தேடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் வேம்புலி விஷயத்தில் யார் மேலும் குற்றமில்லை. பார்வை இல்லாத ஒருவர் லேத்தில் நிற்பது ஆபத்து. கோணி இருந்ததால் அது இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. கோபமில்லாமல் யோசித்தால் நீயும் இதை ஒப்புக்கொள்வாய்.

முதலாளி கடிதம் எழுதியிருந்தார். உதவி மேலாளர் வேலை தருகிறாராம். அம்மாவிடம் நீயே போய்ச் சொல். இந்தத் தடவை நீ எவ்வளவு சேர்த்துச் சொன்னாலும் சம்மதம்.

உன்
உலகு


அம்பத்தூர் தொழிற்பேட்டை
19-8-1972

அன்புள்ள கன்னியப்பன்,

நான் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தேன். வேலைப் பளு. கம்பெனித் தாளில் டைப் அடித்து அனுப்புவதற்கு மன்னிக்கவும். நேரில் பேசினால் சொல்ல வந்தது ஒழுங்காக வராது.

மாடி ஜன்னலிலிருந்து உன்னைப் பார்த்தேன். தனியாகச் சக் மாற்றிக்கொண்டிருந்தாய். அவ்வளவு எடையை ஒருவர் தூக்குவது பாதுகாப்பு விதிக்கு விரோதமானது. கவனம் தேவை.

நீ கேட்டதைப் பற்றி முதலாளியிடம் கலந்து பேசினேன். இப்போது நான் ஆட்கள் முன்னால் நின்று அப்படிச் சொன்னால், நிர்வாகம் வருத்தம் தெரிவித்ததாக ஆகும். மேலும், விவரங்கள் நட்பின் பேரில் வாங்கப்பட்டவை என்று நானே சொன்னால், ஆய்வின் மதிப்பு என்ன ஆகும்? அதை இங்கிலாந்தில் ஒரு பத்திரிகையில் போடுவதாக இருக்கிறார்கள். காலம் போனால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அப்போது ஒருநாள் பேசிக்கொள்ளலாம்.

ஆனால் உன்னை அப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து நேரப் பதிவாளர் என்று ஒரு வேலை புதிதாக ஏற்படுத்துகிறோம். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துக் குறிக்க வேண்டும். மேஜை, நாற்காலி, மேலே மின்விசிறி. தொழிலின் உள்ளும் புறமும் தெரிந்த ஆள் உன்னைவிட யாரும் இல்லை. போராடி வாங்கியிருக்கிறேன். இரண்டு நாளில் பதில் தெரிவிக்கவும்.

அன்புடன்
வே. உலகநாதன்
உதவி மேலாளர்


மண்ணூர்பேட்டை
23-8-1972

மதிப்புக்குரிய உதவி மேலாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நேற்று வந்தது. எஸ்டேட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்தால் கால் மணி நேரம். கடிதத்துக்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. வெளிநாட்டில் கற்றுக்கொண்டதையெல்லாம் ஜூன் மாதம் வரிசையாக எழுதினீர்கள். பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தபாலில் எழுதுவதை அதில் விட்டுவிட்டீர்கள்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் வேறு இடம் பார்த்தேன். எஸ்டேட்டில் மூன்று பட்டறை ஏறி இறங்கினேன். மூன்றிலும் என்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது. காலையில் ரயிலில் வருகிறவர்கள் ஒரே பெட்டியில்தானே வருகிறார்கள். ஒரு போர்மேன் மட்டும் மரியாதையாக, "இங்க எழுதறதுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாத்தே" என்றார்.

தங்கள் கடிதத்தைச் சாமுண்டியிடம் படித்துக் காட்டினேன். நான் எதையும் சேர்க்கவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தாளு மெய்யாலுமே கீழ எறங்கி வரலியா?" இல்லை என்றேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இன்று காலை வேம்புலி அண்ணன் வீட்டுக்குப் போனேன். கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை கேட்டார். "சேந்துடு நைனா. எவனோ ஒருத்தன் அந்த நாற்காலில குந்தத்தான் போறான். ஒனக்கும் புள்ள குட்டி கீது" என்றார். நான் எழுந்திருக்கும்போது, "ஆனா இனிமே நம்ம ஊட்டுக்கு வராதே. எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. நாளைக்கி நானும் ஒங்கிட்ட சேதி சொல்றேன்னு பேசுவாங்க" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடிக்கொண்டு வந்தார்.

தாங்கள் மூன்று வாக்கியம் சொல்லியிருந்தால் இந்த வேலை எனக்கு வேண்டியிருக்காது. சொல்லவில்லை என்பதால் வேண்டியிருக்கிறது. செய்யாத காரியத்துக்கு நான்கு மாதமாகப் பேர் இருக்கிறது. செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொள்கிறேன். சொன்னபடி வந்து சேருகிறேன்.

தங்கள் தாயாருக்கு இனி கடிதம் படிக்க ஆள் தேவையில்லை. வேறு எவருக்கும் நான் தனியாக எழுத வேண்டியதும் இல்லை. இனி நான் எழுதுவதெல்லாம் ரிஜிஸ்டரில் இருக்கும். மாலை ஐந்து மணிக்கு மாடிக்கு வந்துவிடும்.

தங்கள் உண்மையுள்ள
கன்னியப்பன்
நேரப் பதிவாளர்