சாம்பிராணி காட்டிய குட்டி

வேங்கிக்கால்,
10.6.2024

அன்புள்ள தேவிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் எழிலும் ஓசூர் வீட்டில் நல்லபடி குடியமர்ந்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே உன் மாமாவுக்கு முட்டிவலி ஜாஸ்தி. மற்றபடி குறையில்லை.

நான் போனில் பேசினால் எழில் அன்று முழுக்கச் சாப்பிடுவதில்லை, கொஞ்ச காலம் பேச வேண்டாம், வேண்டுமானால் கடிதம் எழுது, படித்துக் காட்டுகிறேன் என்றாய். எனக்குக் கோபம்தான் வந்தது. நீ குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனபோது அவளுக்குப் பல்கூட முளைக்கவில்லை. ஐந்து வயது வரை என் இடுப்பில் வளர்ந்தவள். என்னை அம்மா என்பாள், வீடியோவில் தெரிகிற உன்னைப் 'போன் அம்மா' என்பாள். இன்றைக்கு எனக்கு அந்தப் பதவிகூட இல்லை. சரி, பெற்றவள் நீ. சொன்னபடியே எழுதுகிறேன்.

இனி அவளுக்குப் படிக்க வேண்டியது. நம் வீட்டுக்கு ஒரு தாய்ப்பூனை வந்திருக்கிறது, கூடவே மூன்று குட்டிகள். போன பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில், கிரிவலக் கூட்டத்துக்கு நடுவே, மோர்ப்பந்தலுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டியில் குட்டி போட்டிருக்கிறது. யாரோ பைக்கை ஏற்றியதில் பின்னங்காலில் காயம். ரமணாசிரமம் பக்கம் அடிபட்ட நாய்களை வைத்துப் பார்க்கும் ராணியம்மாள் தூக்கி வந்து காப்பாற்றிவிட்டார். அவர் வீட்டில் நாய்கள் நிறைந்து வழிவதால், குட்டிகள் தானாகச் சாப்பிடும் வரை மட்டும் வைத்திரு, அப்புறம் நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்று என்னிடம் விட்டிருக்கிறார். வளர்த்துக் கொடுக்கிறவள் என்று ஊரில் எனக்குப் பெயர் விழுந்துவிட்டது போலிருக்கிறது.

தாய்க்கு ராசாத்தி என்று பெயர் வைத்தேன். எல்லோரிலும் சின்னக் குட்டி சுண்டு. மற்ற இரண்டுக்கும் எழிலையே பெயர் வைக்கச் சொல்.

அன்புடன்,
பொன்னி


ஓசூர்,
19.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. பூனைக் கதையை எழில் மூன்று முறை படிக்கச் சொன்னாள். பூரி, ஜாங்கிரி என்று பெயர் வைக்கச் சொல்கிறாள். மேலே நீ என்னைத் திட்டியிருந்ததை நான் படித்துக் காட்டவில்லை.

பள்ளிக்கூடம் போகிறாள். வேனில் அழுவதில்லை. ஆனால் நான் சுடும் தோசையைத் தொடுவதில்லை, நான் பின்னும் சடையை அவிழ்த்துவிடுகிறாள். விமல் ஊட்டினாலாவது இரண்டு வாய் வாங்குகிறாள், அதுவும் அவர் ஷிஃப்ட் இல்லாத நாளில்தான்.

அக்கா, உன்னிடம் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை. வீடு கட்டவும் கடன் அடைக்கவும்தான் போனேன். அவளை மறந்து போகவில்லை. இனி பூனையைப் பற்றி மட்டும் எழுது.

மாமாவின் முட்டிக்குச் சூடாக ஒத்தடம் கொடு.

அன்புத் தங்கை,
தேவி


வேங்கிக்கால்,
28.6.2024

அன்புள்ள தேவிக்கு,

இந்தக் கடிதத்தை எழிலுக்குப் படிக்க வேண்டாம். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

சுண்டுவுக்குப் பேதியாகி, உடம்பெல்லாம் அழுக்காகக் கிடந்தது. எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. கைக்குழந்தைக்குச் செய்வது போலவே வெந்நீர் விளாவிக் குளிப்பாட்டினேன். பழைய வேட்டியில் துடைத்து, சளி பிடிக்கக் கூடாதே என்று சாம்பிராணிப் புகை காட்டி, நெற்றியில் துளி விபூதியும் இட்டுத் தாயிடம் விட்டேன். எழிலுக்கும் அப்படித்தானே செய்தேன்.

ராசாத்தி முகர்ந்து பார்த்தது. பார்த்துவிட்டுச் சீறியது. குட்டி பால் குடிக்கப் போனால் காலால் தள்ளியது. மற்ற இரண்டையும் கவ்விக்கொண்டு போய் பீரோவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. சுண்டு நடு அறையில் தனியாக நின்று கத்தியது.

நான் வாரி மடியில் போட்டுக்கொண்டேன். ராணியம்மாள் கொடுத்திருந்த பால் பவுடரைக் கரைத்து இங்க் ஃபில்லரில் ஊட்டினேன். என் விரலைச் சப்பியபடியே தூங்கிவிட்டது. தேவி, இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். தாய் வேண்டாம் என்று தள்ளியதில் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இது இனி எனக்கே எனக்கு என்று நினைத்தேன். நினைத்தது நான்தானா என்று பிறகு எனக்கே அசிங்கமாகிவிட்டது.

மறுநாள் ராணியம்மாளிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கொழந்தைக்குப் பண்றதெல்லாம் பூனைக்குப் பண்ணிக்கினு இருக்கியேம்மா. வாசனையிலதான் அது தன் புள்ளைய கண்டுக்கும். நீ அதைத்தான் கழுவி எடுத்துட்ட."

தாய் படுத்த துணியால் குட்டியைத் துடைத்து, அந்தத் துணியிலேயே சுற்றித் தாயின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். வைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திவிட வேண்டுமாம். எவ்வளவு கத்தினாலும் நான் மட்டும் உள்ளே போகக் கூடாதாம். நாளைக் காலையில் செய்யப் போகிறேன். என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

பொன்னி


வேங்கிக்கால்,
4.7.2024

அன்புள்ள தேவிக்கு,

சுண்டுவைத் தாய் சேர்த்துக்கொண்டது. இதை எழிலுக்குப் படி.

அன்றைக்குக் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன். குட்டி கத்திய கத்தல் தெருவுக்கே கேட்டிருக்கும். இரண்டு முறை தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். உன் மாமா வந்து, சும்மா உட்கார முடியாதென்றால் கடைக்காவது போய் வா என்று பையைக் கையில் கொடுத்தார். நான் போகவில்லை. கத்தல் நின்றதும் இன்னும் பயமாகிவிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், ராசாத்தி அதைக் காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தலையிலிருந்து வால் வரை நக்கிக்கொண்டிருந்தது. என் விபூதியெல்லாம் போயிற்று.

இப்போது என்னைக் கண்டால் சுண்டு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, பெரிய மனுஷியாகிவிட்டாள். சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன்.

அன்புடன்,
பொன்னி


ஓசூர்,
22.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இவ்வளவு நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள். எழிலுக்குக் காய்ச்சல். இப்போது பரவாயில்லை, சளி மட்டும் இருக்கிறது.

சாம்பிராணிக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அவள் இங்கே வந்த அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் வீட்டு எண்ணெய் வாசனை போகட்டும் என்று புது ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிப்பாட்டினேன். தூங்கும்போது அவள் பிடித்துக்கொள்ளும் உன் பழைய புடவைத் துண்டைக் குப்பையில் போட்டேன். அவளுக்கு எதிரில்தான். சீறினது நான்தான் அக்கா.

காய்ச்சலில் அம்மா, அம்மா என்று அனத்தினாள். "அம்மா இங்கதான்டா இருக்கேன்" என்று பக்கத்தில் போனேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, "நீங்க இல்லை, எங்க அம்மா" என்றாள். உன்னை வா, போ என்கிற குழந்தை என்னை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி 'நீங்க' என்கிறாள்.

என்னால் முடியவில்லை. பெற்றதால் மட்டும் ஒருத்தி அம்மாவாகிவிட முடியாது போலிருக்கிறது. விமலிடமும் பேசிவிட்டேன். ஆடி முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போ. அவள் உன்னிடமே இருக்கட்டும். மனசாரத்தான் சொல்கிறேன்.

தேவி


வேங்கிக்கால்,
29.7.2024

என் கண்ணான தேவிக்கு,

உன் கடிதத்தை வாசல் கேட்டிலேயே நின்று படித்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அவளே சொல்லிட்டா இல்ல, போய் இட்டுக்கினு வந்துடு" என்று அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழிலின் மெத்தையை மாடியில் வெயிலில் போட்டேன். இங்கே பள்ளியில் இடம் இருக்கிறதா என்றுகூட விசாரித்துவிட்டேன்.

சாயங்காலம் மெத்தையை எடுக்கப் போனேன். மடித்து மறுபடி பரண்மேல் வைத்துவிட்டேன்.

வேண்டாம் தேவி. அன்றைக்குத் தாழ்ப்பாளில் கை வைத்தேனே, திறந்திருந்தால் குட்டி பிழைத்துத்தான் இருக்கும், என் மடியில் சுகமாகத்தான் வளர்ந்திருக்கும். ஆனால் பக்கத்து அறையில் தாய் இருக்கும்போதே தாயில்லாமல் வளர்ந்திருக்கும். அதைச் செய்ய எனக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆசை இருப்பதால்தான் சொல்கிறேன்.

நீ ஒன்றும் தோற்றுப் போகவில்லை. காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? நான் இல்லை. அது அவள் உடம்புக்குத் தெரியும். வாய்க்கு வரக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்.

ஆடி முடியட்டும் என்று காத்திருக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓசூர் பஸ் ஏறுகிறேன். கூட்டிப்போக வரவில்லை. பூரியும் ஜாங்கிரியும் செங்கம் ரோட்டில் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ராசாத்தியையும் சுண்டுவையும் மாமா பார்த்துக்கொள்வார். நான் உன் வீட்டில் ஒரு வாரம் இருப்பேன். தோசை நீ சுடு, சடை நீ பின்னு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவள் என்னிடம் ஓடி வந்தால் நீ முகம் சுளிக்காதே. உன்னிடம் வந்தால் நானும் சுளிக்க மாட்டேன். அவளிடம் நானே சொல்கிறேன்: "பொறந்தது இவங்க வயித்துல, வளந்தது என் இடுப்புல. ரெண்டு பேருமே உன்னை உட்டுப் போவமாட்டோம்."

கிளம்பும்போது அவள் தூங்கும் நேரம் பார்த்து நழுவ மாட்டேன். விழித்திருக்கும்போதே, "போய்ட்டு வரேன்டி எழிலு" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவேன். அழுவாள். கதவுக்கு வெளியே நானும் அழுவேன், எனக்கு அது பழக்கம்தான். நீ கதவைச் சாத்திவிட்டு அவளைத் தூக்கிக்கொள்.

பொன்னி